லிஃப்ட்காரருக்கு ஒரு பாவமன்னிப்பு

லிஃப்ட்காரருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பாவசங்கீர்த்தனம். ஒரு கூண்டு, அதற்குள் காது கேட்கிற ஒரு சாமியார், பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கப் பத்து நிமிஷம். பிறந்ததிலிருந்து ஐம்பத்தாறு வருஷமாக அவர் திருச்சபையிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. இதையும் இப்போது கேட்டிருக்க மாட்டார். இதய மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து, மூன்று இடத்தில் பேனாவால் குத்தி, "இங்க, இங்க, இங்க அடைப்பு. மூணு வாரம் கழிச்சு திங்கட்கிழமை காலைல தொறந்து சரி பண்ணிடலாம். பயப்படாதீங்க, நூத்துல தொண்ணூத்தெட்டு பேர் நல்லா எழுந்து நடக்கிறாங்க" என்றார். மீதி இரண்டு பேரைப் பற்றி மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் வீடு வந்து சேரும்வரை அந்த இரண்டு பேரையே நினைத்துக்கொண்டு வந்தார்.

அவர் மனதில் கிடந்தது இதுதான். நாலு மாதத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டு லிஃப்டை மாதச் சோதனை செய்யப் போனார். வெயில். அசதி. மேலே ஏறவே இல்லை. வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, சோதனை அட்டையில் 'கதவு சரி, பிரேக் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். ஐந்தாம் நாள் கதவு மூடுவதற்கு முன்பே லிஃப்ட் நகர்ந்தது. அங்கே கூட்டித் துடைக்கிற அம்மாவின் வலது பாதம் நசுங்கிப் போயிற்று. கம்பெனி விசாரணை நடத்தி, 'துடைப்பக் கட்டையைக் கதவில் செருகியதால் விபத்து' என்று எழுதிற்று. அதன் அடியிலும் லிஃப்ட்காரர் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவுக்குக் காலும் போயிற்று, வேலையும் போயிற்று.

அந்த அம்மாவும் இதே பங்குக் கோயில்தான். ஞாயிற்றுக்கிழமை விந்தி விந்தி வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். அதைப் பார்க்க முடியாமல் லிஃப்ட்காரர் தூணுக்குப் பின்னால் இடம் மாறிக்கொண்டார். பாவத்தோடு வாங்கக் கூடாது என்று, நாலு மாதமாகப் பூசையில் நற்கருணை வாங்க எழுந்து போகவும் இல்லை.

இதைக் கவனிக்காமல் இருக்க அவர் மனைவி என்ன மண்ணா மரமா? "ஏங்க, நாலு மாசமா நற்கருணை வாங்கப் போகல. பொம்பள விவகாரமா?" என்று நேராகவே கேட்டாள்.

"ஒரு பொம்பளை சம்பந்தப்பட்டதுதான்" என்றார் அவர். பொய் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது என்று உண்மையைச் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு மூன்று நாள் தட்டில் சோறு விழுந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. நாலாம் நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பங்கு அலுவலகத்துக்குப் போனார்.

பங்கு அலுவலகம் என்ற பலகையை எடுத்துவிட்டு 'வரவேற்பு முற்றம்' என்று மாட்டியிருந்தார்கள். முற்றத்தில் ஓர் ஏசி ஓடியது. மேசைக்குப் பின்னால் இருந்த ஆபீஸ் அம்மா ஒரு படிவத்தை நீட்டினாள். 'நீங்கள் நாடும் உதவி' என்ற தலைப்பின் கீழ் கட்டங்கள்: மன அழுத்தம். தூக்கமின்மை. உறவுச் சிக்கல். வாழ்க்கைமுறை ஆலோசனை. மற்றவை.

"பாவசங்கீர்த்தனம்னு இதுல எதுவுமே இல்லையேம்மா."

"அதெல்லாம் 'மற்றவை'ல வரும்ணே. டிக் பண்ணுங்க."

"டிக் பண்ணிட்டு? கோயில்ல அந்தக் கூண்டு இருக்கே, அங்க போய் நின்னா சாமி வருவாரா?"

ஆபீஸ் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஸ்டோர் ரூம் ஆகி ஆறு வருஷமாச்சு. ஸ்பீக்கர், மடக்கு நாற்காலி, பேனர் எல்லாம் அதுலதான் கெடக்கு. சாவி எங்கன்னு எனக்கே தெரியாது. உங்களுக்குத் துணைநடத்தல் குழுவுல நேரம் போட்டுத் தரேன்."

"எனக்குத் துணையெல்லாம் வேண்டாம்மா, சாமி போதும்."

"சாமியை நேரா பாக்கணும்னா முதல்ல குழுவைப் பாக்கணும்" என்று அவள் ஒரு சீட்டில் நேரம் எழுதிக் கொடுத்தாள். எட்டு நாள் கழித்து.

சாமியாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பங்கில் அவருக்கு ஸ்லைடு சாமி என்று பெயர். திரையில் படம் ஓடாமல் அவருக்குப் பிரசங்கம் வராது. கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். எப்போதும் சிரித்த முகம். ஃபாதர் என்று கூப்பிட்டால் சங்கடப்படுவார். 'சகபயணி' என்று கூப்பிடச் சொல்வார். அவரிடம் சூரிய உதயப் படம் மட்டும் நாற்பது இருந்தது. நரகத்துக்கு ஒன்றுகூட இல்லை. முழங்கால் போடுகிற பலகைகளை எல்லாம் கழற்றி அவற்றில் பூந்தொட்டி வரிசை செய்துவைத்திருந்தார். 'கடவுளுக்கு முன் நிமிர்ந்து நிற்போம்' என்று அதற்கு ஒரு வாசகமும் எழுதியிருந்தது. பூவெல்லாம் பிளாஸ்டிக். தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம்.

எட்டாம் நாள் லிஃப்ட்காரர் துணைநடத்தல் ஒருங்கிணைப்பாளர் முன்னால் உட்கார்ந்தார். அவர் முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் விற்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். எதிராளி எதைச் சொன்னாலும் 'அருமை' என்று தொடங்குவது அவர் பழக்கம்.

"ஐயா, நான் ஒரு பாவம் செஞ்சிட்டேன்."

"அருமை. அந்த வார்த்தையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைப்போமா? அது ரொம்பக் கனமான வார்த்தை. நாங்க 'வளர்ச்சி வாய்ப்பு'ன்னு சொல்றோம்."

"இல்லங்க, நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரி லிஃப்டு. ஒருத்தருக்குக் கால் போயிடுச்சு."

"அருமை. அந்த லிஃப்டைச் செஞ்சது நீங்களா?"

"இல்ல."

"அதுல கால் மாட்டினப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லைங்க. இருக்க வேண்டிய அன்னிக்கே நான் இல்ல, அதான் சொல்றேன்."

"பாத்தீங்களா! நீங்க இல்லாத எடத்துல நடந்த ஒண்ணுக்கு நீங்க வருத்தப்படுறீங்க. எவ்வளவு மென்மையான மனசு உங்களுக்கு!" ஒருங்கிணைப்பாளர் ஒரு அட்டையைத் திருப்பினார். ஒன்றிலிருந்து பத்து வரை முகங்கள் வரைந்திருந்தன. ஒன்றாம் முகம் சிரித்தது, பத்தாம் முகம் அழுதது. "உங்க குற்ற உணர்வு இப்ப எத்தனைல இருக்கு?"

"பத்து."

"நம்ம இலக்கு நாலு. நாலுக்குக் கீழ போனா வேலைல கவனக்குறைவு வரும்னு ஆராய்ச்சி சொல்லுது, அதனால நாலு. தினமும் காலைல கண்ணாடியைப் பாத்து 'நான் என்னை மன்னிக்கிறேன்'னு பத்து தடவை சொல்லுங்க."

லிஃப்ட்காரர் மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கத்தான் செய்தார். சவரம் செய்யாத ஒரு மூஞ்சி எதிரே நின்றது. அந்த மூஞ்சிக்குத் தன்னை மன்னிக்க யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. லிஃப்டில் ஆள் அதிகமாக ஏறினால் மணி அடிக்கும். ஆளை இறக்க வேண்டும். மணி அடிக்கிறதே என்று ஒயரைக் கழற்றிவிடுகிற மெக்கானிக்கை அவர் முப்பது வருஷத்தில் ஒரே ஒருவனைத்தான் பார்த்திருக்கிறார். அவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். இங்கே அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்து ஒருங்கிணைப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அறுவைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அடுத்த படி 'மனம் திறக்கும் வட்டம்'. அதை முடித்தால்தான் சகபயணியை நேரில் பார்க்கலாமாம். வட்டம் என்றால் வட்டமேதான்: பன்னிரண்டு நாற்காலி, நடுவில் பேட்டரியில் எரிகிற மெழுகுவர்த்தி, கையில் ஒரு பஞ்சுப் பந்து. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும். மற்றவர்கள் தலையாட்ட வேண்டும். முதலில் ஒருவர், முட்டிவலியால் காலை நடைக்குப் போக முடியவில்லை, அதனால் தன்மேலேயே தனக்குக் கோபம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து ஓர் அம்மா, தான் போட்ட படத்துக்கு நாத்தனார் லைக் போடவில்லை, அதைத் தன்னால் கடந்து வர முடியவில்லை என்று கண் கலங்கினாள். பலமாகத் தலையாட்டினார்கள். பந்து லிஃப்ட்காரர் கைக்கு வந்தது.

"நான் சாமிகிட்ட மட்டுந்தான் சொல்லுவேன்" என்றார்.

கைதட்டல் காதைப் பிளந்தது. "தன்னோட எல்லையை எவ்வளவு அழகா வகுத்துக்கிட்டாரு, பாருங்க!" என்றார் ஒருங்கிணைப்பாளர். லிஃப்ட்காரர் வட்டத்தில் மிக நன்றாகத் தேறிவிட்டதாக நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் எல்லோருக்கும் வண்ணத்தாள் கொடுத்து, மனதில் உள்ளதை எழுதி, காகிதம் அரைக்கிற இயந்திரத்தில் போடச் சொன்னார்கள். அதோடு அது போய்விடுமாம். நடைக்காரரின் தாள் உள்ளே போயிற்று, பொடிப்பொடியாக விழுந்தது. நாத்தனார் அம்மாவின் தாளும் போயிற்று. லிஃப்ட்காரர் நாலு தாள் எழுதியிருந்தார். அதைத் திணித்ததும் இயந்திரம் உறுமி, தேம்பி, புகைந்து நின்றுவிட்டது. குழுவினருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. லிஃப்ட்காரரே பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றி, பல்லிடுக்கில் சிக்கிய தாள்களை உருவி எடுத்தார். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. அதை நாலாக மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தைப் பூட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அறுவைக்கு மூன்று நாள் இருக்கும்போது, காருக்குள் ஏறப்போன சாமியாரை வழிமறித்தார். வட்டம் முடித்தும் நேரம் கொடுத்தபாடில்லை; இனி குழுவாவது வட்டமாவது.

"சாமி, எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேளுங்க. இங்கயே கேளுங்க. கார் கண்ணாடியை எறக்குங்க, நான் வெளிய முழங்கால் போடுறேன்."

"ஐயையோ, எழுந்திருங்க அண்ணே, எழுந்திருங்க! முழங்கால் எல்லாம் அந்தக் காலம். யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?" சாமியார் அவர் தோளில் கை போட்டார். "நான் மனசு விட்டுச் சொல்றேன், கேளுங்க. முன்னாடி எல்லாம் நாங்க பாவம், நரகம்னு சொல்லிச் சொல்லி மக்களைப் பயமுறுத்தி வச்சிருந்தோம். பயந்து பயந்து கோயிலுக்கு வந்தாங்க. இப்ப யாருக்கும் பயமே இல்ல. எவ்வளவு பெரிய மாற்றம்!"

"யாரும் வர்றதும் இல்லையே சாமி."

"எண்ணிக்கையைப் பாக்கக் கூடாதுண்ணே. தரத்தைப் பாக்கணும். நான் வந்த புதுசுல சனிக்கிழமை சனிக்கிழமை அந்தக் கூண்டுல மூணு மணி நேரம் உக்காருவேன். ஒரே புழுக்கம், இடுப்பு வலி, ஒவ்வொருத்தரும் சொல்றதைக் கேட்டுட்டு ராத்திரி தூக்கமே வராது. இப்ப அது எல்லாத்தையும் குழு பாத்துக்குது. நான் உண்மையிலேயே விடுதலையா இருக்கேன். நீங்களும் அப்படி இருக்கணும்னுதான் எனக்கு ஆசை."

"எனக்கு நாளை மறுநாள் விட்டு அடுத்த நாள் நெஞ்சைத் தொறக்குறாங்க சாமி."

சாமியாரின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு பழைய சிரிப்பு திரும்பி வந்தது. "ஞாயித்துக்கெழம 'பாரமற்ற ஞாயிறு' கொண்டாடுறோம். நீங்கதான் முக்கிய சாட்சி. கடைசியில எல்லாருக்கும் பெரிய ஆசீர்வாதம் இருக்கு. அதை வாங்கிட்டு தைரியமா போங்க." கார் போய்விட்டது. பெரிய ஆசீர்வாதம் என்றால் ஒருவேளை பாவமன்னிப்பாக இருக்குமோ என்று ஒரு நப்பாசையில் லிஃப்ட்காரர் ஞாயிறு வரை பொறுத்தார். வேறு கோயில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனார். அங்கே வரவேற்பு முற்றம் இன்னும் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவரை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மனைவி பக்கத்தில் இருந்தாள். பிரசங்க நேரத்தில் திரை இறங்கியது. சூரியன் உதித்தது. அதன்மேல் எழுத்து வந்தது: 'உங்கள்மேல் தவறில்லை.'

"இந்த அண்ணன் பத்துல இருந்தாரு" என்று மைக்கில் முழங்கினார் சாமியார். "இன்னிக்கு நாலு! வட்டத்துல எல்லாரும் சேர்ந்து இவரை முழுசா ஏத்துக்கிட்டாங்க." ஒருங்கிணைப்பாளர் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை லிஃப்ட்காரர் கையில் திணித்தார். படம் மாறியது. 'ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒன்று தன் கடமையைச் செய்யவில்லை. அதற்கு இவர் பொறுப்பல்ல.'

கடைசி வரிசையில் நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. கூட்டித் துடைக்கிற அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"எந்த லிஃப்டு?" என்று கேட்டாள்.

"கேள்விகளுக்கு அப்புறமா நேரம் ஒதுக்கி—" என்று தொடங்கினார் ஒருங்கிணைப்பாளர்.

"உங்களைக் கேக்கல. அவரைக் கேக்குறேன். எந்த லிஃப்டு?"

லிஃப்ட்காரர் திரும்பினார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். "பின்கட்டு லிஃப்டும்மா. நான்தான் சோதிக்க வந்தவன். சோதிக்கல. டீக்கடையில உக்காந்து சரின்னு எழுதிட்டுப் போயிட்டேன்."

"தொடப்பக்கட்டைய நான் கதவுல செருகலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்க செருகல. செருகினதா எழுதியிருந்ததுல நான் கையெழுத்துப் போட்டேன்."

மனைவி "அட பாவி மனுஷா" என்று முணுமுணுத்தாள். சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதான் உரையாடல்! இதைத்தான் நாம ஆறு வருஷமா கனவு கண்டோம்! எல்லாரும் கை தட்டுங்க!" என்றார். தட்டவும் தட்டினார்கள்.

"எதுக்குத் தட்டுறீங்க?" என்றாள் அவள். கைகள் நின்றன. அவள் நடுப்பாதையில் விந்தி விந்தி முன்னால் வந்தாள். அந்த நடையை அத்தனை பேரும் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டியிருந்தது.

"அம்மா, உங்க வலி எங்களுக்குப் புரியுது" என்றார் சாமியார். "ஆனா நாங்க எல்லாருமே அவரை ஏற்கெனவே மன்னிச்சு—"

"நீங்க யாரு சாமி மன்னிக்க? உங்க காலா?"

சாமியார் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இவர் செஞ்சது பாவமா, இல்லையா?"

"பாவம்னு ஒரே வார்த்தைல அடக்கிட முடியாதும்மா. சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்கு, அழுத்தம்னு ஒண்ணு—"

"கம்பெனிக்காரன் என் தப்புன்னு எழுதினான். நீங்க யார் தப்பும் இல்லைன்னு படம் காட்டுறீங்க. அவனே தேவலாம் சாமி. தப்புன்னு ஒண்ணு நடந்துச்சுன்னாவது அவன் ஒத்துக்கிட்டான். இங்க ஒண்ணுமே நடக்கலையாம்! அப்ப என் கால் எங்க போச்சு? தானா கழண்டு விழுந்துச்சா?" அவள் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு ஆப்பரேஷனாமே?"

"ஆமாம்மா."

"நான் உங்களை மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியாது. அது எனக்கும் கடவுளுக்கும் நடுவுல. நீங்க செஞ்சதை மொதல்ல எழுதிக் குடுங்க. நாளைக்கு எழுந்திருப்பீங்களோ என்னவோ."

லிஃப்ட்காரர் சான்றிதழைச் சட்டத்திலிருந்து உருவினார். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முதல் வரிசை நாற்காலியில் வைத்து, சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டதையும் தேதியோடு எழுதி, அடியில் பெயர் போட்டுக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவர் சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இப்ப நீங்க சாமி" என்றாள். "உக்காந்து அவர் பாவத்தைக் கேளுங்க. அது உங்க வேலை."

"அம்மா, கூண்டு இப்ப பயன்பாட்டுல—"

லிஃப்ட்காரர் மனைவி அதற்குள் எழுந்து போய்விட்டாள். கூண்டின் பூட்டைக் கணவன் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாள். மடக்கு நாற்காலிகள் வெளியே வந்தன. ஸ்பீக்கர் இரண்டு வந்தன. 'புதிய வசந்தம்' என்று எழுதிய பேனர் சுருள் வந்தது. ஒரு கட்டு ஒயர் வந்தது. அதைச் சுற்றிக் கட்டியிருந்த ஊதாத் துணியை அவிழ்த்துப் பார்த்தால், சாமியார்கள் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது கழுத்தில் போடுகிற பட்டை. அவள் அதை இரண்டு உதறு உதறிச் சாமியார் கையில் கொடுத்தாள். சாமியார் திரையைப் பார்த்தார், ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளருக்கு முதல் தடவையாக 'அருமை' வரவில்லை. சாமியார் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குனிந்து, ஒட்டடை தலையில் ஒட்ட உள்ளே போனார்.

லிஃப்ட்காரர் வெறுந்தரையில் முழங்கால் போட்டார். "பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியும் சுவாமி" என்று தொடங்கினார். "நான் செஞ்சது பெரிய பாவம்."

கூண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. ஆறு வருஷமாக மைக்கில் பேசிப் பழகிய குரல். மெதுவாகப் பேச அதற்கு வராது. பாதிக் கோயிலுக்குக் கேட்டது.

"அண்ணே, முதல்ல அதைப் பாவம்னு சொல்ல வேண்டாமே..."

வெளியே நின்றிருந்த அந்த அம்மா கையை மடக்கிக் கூண்டின் கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"பாவந்தான்" என்றார் சாமியார். "சொல்லுங்க."